எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மசாஜ் டாக்டரா? – நம் குரூப்பில் கேட்டவருக்கு

படூரிலிருந்து உங்கள் கணக்கு டீச்சர். இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். பழைய பழக்கம், ஒரு பீரியடுக்குள் முடிக்க எனக்கு எப்போதுமே வந்ததில்லை என்று 1990-களில் படித்தவர்களுக்குத் தெரியும்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் என் அண்ணன் மகனின் போட்டோவைப் போட்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டோடு நிற்கிறான். எல்லோரும் பூங்கொத்து, கைகூப்பு என்று அனுப்பிக்கொண்டிருக்கும்போது சொந்தக்காரர் ஒருவர் கேட்டார்: "என்ன ஸ்பெஷாலிட்டி?" பையன், "பி.எம்.ஆர். சித்தப்பா, ஃபிசிக்கல் மெடிசின் அண்ட் ரிஹாபிலிடேஷன்" என்றான். உடனே பதில் வந்தது: "ஓ, பிசியோவா? எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு மசாஜ் பண்ணவாப்பா அவ்ளோ தூரம் போனே?" கூடவே சிரிக்கிற பொம்மை மூன்று.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை. அதே வாரத்தில் என் பழைய மாணவி ஒருத்தி, இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக இருக்கிறவள், போன் செய்து கிட்டத்தட்ட இதே விஷயத்தைக் கேட்டாள். அவள் பெயரை நான் சொல்ல மாட்டேன். வேண்டுமானால் அவளே கமெண்டில் வந்து சொல்லட்டும். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சொந்தக்காரரும் படிப்பார். கோபித்துக்கொள்ள வேண்டாம் தம்பி, நானும் 2017 வரைக்கும் உங்களைப் போலத்தான் இருந்தேன்.

2017 நவம்பரில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். டெலிபோன்ஸில் வேலை பார்த்தவர், பள்ளி ஆண்டு விழாவுக்கு மைக் செட் இணைப்புக் கொடுக்க வந்து நிற்பவர். காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் விழுந்தது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டது. மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றினார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. பதினோராவது நாள், "இனி வீட்டிலேயே பார்த்துக்கலாம், பிசியோ வெச்சுக்குங்க" என்று சொல்லி, மாத்திரைச் சீட்டையும் பில்லையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாத்திரைச் சீட்டு ஒரு பக்கம். பில் நாலு பக்கம்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்றால் என்ன? அதை யாரும் சொல்லவில்லை. கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது என்று எனக்குத் தெரியாது. வலது கை தளர்ந்து தொங்குகிறது. நான் என்ன செய்தேன், அந்தக் கையைப் பிடித்தே இழுத்து உட்கார வைத்தேன். தினமும் நாலு தடவை, ஐந்து தடவை. மூன்று வாரத்தில் தோள் மூட்டு கழன்று கீழே இறங்கிவிட்டது. இராத்திரி முழுவதும் முனகுவார். பேச்சு இல்லாததால் எங்கே வலி என்று சொல்லவும் முடியாது. பக்கவாதத்தில் தசை செயலிழந்த தோளைப் பிடித்து இழுக்கக் கூடாது, அந்தக் கைக்கு எப்போதும் தாங்கல் கொடுக்க வேண்டும் என்பது ஒரே ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அந்தப் பதினோரு நாளில் ஒருவருக்கும் நேரமில்லை. தோளைக் கெடுத்தது நான்தான். நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவரின் தோளை.

பிசியோ வைத்தோம். தையூரிலிருந்து பைக்கில் வருவான், நல்ல பையன், கெட்டிக்காரன். அவன்தான் இரண்டாம் நாளே தோளைப் பார்த்துவிட்டு, "மிஸ், இதுக்கு நான் மட்டும் போதாது, ஒரு பி.எம்.ஆர். டாக்டரைப் பாருங்க" என்றான். அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போது என் அண்ணன் மகன் எங்கள் வீட்டில் தங்கி, ஓ.எம்.ஆர். பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டிருந்தான். அவனைக் கேட்டால், "சிலபஸ்ல எங்கேயோ ஒரு மூலையில இருக்கு அத்தை, போஸ்டிங்ல அந்தப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பாக்கறதில்ல" என்றான். டாக்டருக்குப் படிக்கிறவனுக்கே இந்த நிலைமை.

சென்னையில் அந்த டாக்டரைப் பார்க்க நாலாவது மாதம்தான் முடிந்தது. பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம்தான் உடம்பு மிக வேகமாகத் திரும்பி வரும் காலம் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைப் பற்றி நான் இப்போது யோசிப்பதில்லை. யோசித்தால் தூக்கம் வராது.

அந்த அம்மா ஸ்கேனைக் கடைசியில்தான் பார்த்தார். முதலில் கேட்டது, "வீட்டில என்ன டாய்லெட், இந்தியனா வெஸ்டர்னா?" அடுத்து, "வாசல்ல எத்தனை படி?" அடுத்து, "கட்டிலுக்கு எந்தப் பக்கம் சுவர்?" பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, அவரைப் பார்த்தே கேட்டார். அதுவரை எல்லா டாக்டரும் என்னைப் பார்த்துத்தான் பேசியிருந்தார்கள். "சார், உடம்பு நல்லா இருந்தப்போ காலைல எழுந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?" இவர் இடது கையால் பேப்பர் பிரிப்பது போலவும் டம்ளர் பிடிப்பது போலவும் காட்டினார். முக்கு டீக்கடை. "அப்போ அதுதான் நமக்கு டார்கெட்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மசாஜ் இல்லை. விறைத்துப்போயிருந்த கைக்கு ஊசி போட்டு இறுக்கத்தைத் தளர்த்தினார். கால் முன்பக்கம் தொங்கி இடறாமல் இருக்க, செருப்புக்குள் போடுகிற பிளாஸ்டிக் தாங்கலுக்கு அளவு எழுதிக் கொடுத்தார். தோளுக்குப் பட்டை. இராத்திரி சிறுநீர் பிரச்சினைக்கு மருந்தும் நேர அட்டவணையும். பேச்சுப் பயிற்சிக்கு ஒருவர், கைப்பயிற்சிக்கு ஒருவர், காலுக்கு நம் தையூர் பையன். இவர்கள் யார் யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுத்து, மாதா மாதம் அளந்து பார்த்து, மாற்றுகிறவர் அவர். தம்பி, பி.எம்.ஆர். என்றால் இதுதான். தண்டுவடம் அடிபட்டவர், கால் எடுக்கப்பட்டவர், தலையில் அடிபட்டவர், பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை, இவர்களெல்லாம் மிச்ச வாழ்நாளை எப்படி வாழ்வது என்று பார்க்கிற மருத்துவம். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ்.-க்கு மேல் மூன்று வருஷம் எம்.டி. படிக்க வேண்டும்.

பேச்சு விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு "ஆமா" தவிர வார்த்தை வராது. என் பெயர் வராது. ஒருநாள் அண்ணன் மகன் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டாக, "மாமா, எட்டாம் வாய்ப்பாடு சொல்லுங்க, ஓரெட்டு..." என்றான். "எட்டு" என்றார். "ஈரெட்டு?" "பதினாறு." நிறுத்தாமல் எண்பது வரை போய்விட்டார். எனக்குக் கையெல்லாம் நடுங்கியது. சின்ன வயதில் வரிசையாக மனப்பாடம் செய்தது மூளையில் வேறு வழியாக வருமாம். எண்கள், கிழமைகள், பாட்டு இதெல்லாம் பேச்சு போன பிறகும் சிலருக்கு மிஞ்சுமாம். பையன் அன்றைக்கு இராத்திரி புத்தகத்தைப் புரட்டித் தேடி, விடியற்காலையில் என்னை எழுப்பிச் சொன்னான். அவன் இந்தத் துறைக்குப் போனதற்குக் காரணம் கேட்டால் எனக்கு அந்த விடியற்காலைதான் ஞாபகம் வரும்.

ஏழாவது மாதம் கைத்தடியோடு டீக்கடைக்கு நடந்தார். 2022-இல் மாரடைப்பில் போனார். நடுவில் நாலு வருஷம் சொச்சம், தன் டீயைத் தானே குடித்துவிட்டுத்தான் இருந்தார்.

சரி, பையன் கதைக்கு வருகிறேன். நம்மில் பலருடைய பிள்ளைகள் அந்த வழியில் போக நினைக்கிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பளபளப்பு வேண்டாம்.

அமெரிக்காவில் இந்தத் துறைக்கு 1947-இலேயே தனித் தகுதி வாரியம் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அடிபட்டுத் திரும்பிய வீரர்களை என்ன செய்வது என்ற கேள்வியிலிருந்து வளர்ந்தது. அங்கே மொத்தம் நாலு வருஷப் பயிற்சி. அதில் முதல் வருஷம் பொது மருத்துவம் மாதிரி. நுழைவதற்குத் தேர்வுகள் முடித்திருக்க வேண்டும். பிறகு செப்டம்பரில் ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். எத்தனை இடத்துக்கு அனுப்புகிறோமோ அத்தனைக்கும் கட்டணம். அங்கே உள்ள டாக்டர்களிடமிருந்து பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றால் அங்கே போய் அவர்கள் பின்னால் ஒரு மாதம் நின்றிருக்க வேண்டும். திருப்போரூர் பக்கம் என் அண்ணன் வைத்திருந்த மனை ஒன்று இதில் போய்விட்டது. அதைச் சொல்லாமல் "பையன் திறமையால் போனான்" என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. மனை இல்லாதவன் மகன் என்ன செய்வான்? எனக்குப் பதில் தெரியவில்லை.

விண்ணப்பத்தோடு, ஏன் இந்தத் துறை என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அவன் முதலில் எழுதியதை என்னிடம் காட்டினான். "சிறுவயது முதலே மனிதகுலத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற தாகம்..." சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். "டேய், சின்ன வயசுல நீ கிரிக்கெட் பேட்டைத் தவிர எதுக்குத் தாகப்பட்டே?" என்றேன். சிரித்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "அத்தை, மாமா கதையை எழுதலாமா? மாமாவைக் காட்டி சீட் வாங்கற மாதிரி இருக்குமோன்னு..." என்று இழுத்தான். அது நியாயமான கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். அவர் இருந்திருந்தால் "ஆமா" என்றுதான் சொல்லியிருப்பார், அவருக்கு அது ஒன்றுதானே வரும் என்று நானே சொல்லிச் சிரித்துவிட்டு, எழுதச் சொன்னேன். ஒரே நிபந்தனை: தோளை எழுத வேண்டும். வாய்ப்பாட்டை மட்டும் எழுதினால் அது அழகான கதை. தோளை எழுதினால்தான் உண்மை.

முதல் தடவை மூன்று இடத்திலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் வீடியோவில்தான். அங்கே காலை எட்டு என்றால் குளிர்காலத்தில் இங்கே மாலை ஆறரைக்குமேல். இராத்திரி பதினொன்று வரைகூடப் போகும். எங்கள் வீட்டு முன்னறையில், மேலே கோட்டு, டை, கீழே கைலி. நான் சமையலறையில் மிக்சி போடக் கூடாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டருக்கு ஓட வேண்டியது என் வேலை. தெரு நாய் ஒன்று சரியாக ஏழரைக்குக் குரைக்க ஆரம்பிக்கும், அதற்குப் பிஸ்கெட் போட்டு வாயடைப்பதும் என் வேலை.

2024 மார்ச்சில் முடிவு வந்தது. அங்கே ஒரு திங்கட்கிழமை, இடம் கிடைத்ததா இல்லையா என்று மட்டும் சொல்வார்கள். எங்கே என்பது வெள்ளிக்கிழமை. அந்தத் திங்கள் இராத்திரி, இல்லை என்று வந்தது. பையன் இரண்டு நாள் மாடியை விட்டு இறங்கவில்லை. அண்ணன் போனில், "ரேடியாலஜி, மெடிசின்னு எதையாவது இங்கேயே பார்த்திருக்கலாம்" என்றார். அவருக்கு மனை ஞாபகம். தப்புச் சொல்ல முடியாது.

இரண்டாம் தடவை ஆறு அழைப்பு. அதில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார்: "உங்கள் நோயாளி வீட்டுக்குப் போகத் தயார். ஆனால் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. என்ன செய்வீர்கள்?" மற்றவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ. இவன், "எங்கள் ஊரில் மாடியை விடக் கஷ்டமானது தரை" என்று ஆரம்பித்திருக்கிறான். எங்கள் ஊரில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம், தரையில் படுப்போம், குந்தித்தான் கழிப்பறை. பத்து மீட்டர் நடக்க வைத்தால் அங்கே வெற்றி. இங்கே தரையிலிருந்து எழுந்து நின்றால்தான் வெற்றி. எங்கள் மாமாவுக்கு ஆசாரியை வைத்து மர நாற்காலியில் ஓட்டை போட்டுக் கழிப்பறை மேல் வைத்தோம், வாசல் படியில் பலகைச் சரிவு போட்டோம், அது முதலில் செங்குத்தாகிவிட்டது, பிறகு நீளத்தைக் கூட்டினோம், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று அத்தை கணக்குப் போட்டுக் காட்டினார்கள், எங்கள் வாசலில் அவ்வளவு இடம் இல்லை, அதனால் எல் வடிவில் திருப்பினோம். இப்படியே பத்து நிமிஷம் பேசியிருக்கிறான். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கேட்கக் கூடாது, கேட்டேன்.

நேர்காணல் முடிந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது. கணக்கு டீச்சருக்கு இங்கேதான் ருசி. மாணவர் தனக்குப் பிடித்த இடங்களை வரிசையாக எழுதித் தருவார். மருத்துவமனைகளும் தங்களுக்குப் பிடித்த மாணவர்களை வரிசையாகத் தரும். கம்ப்யூட்டர் பொருத்தம் பார்க்கும். கல்யாணப் பொருத்தம் மாதிரியே. 1962-இல் கேல், ஷாப்லி என்ற இரண்டு கணித மேதைகள் கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணத்தையும் வைத்தே இந்தக் கணக்கை எழுதினார்கள். ஆல்வின் ராத் என்பவர் 1990-களில் டாக்டர் சேர்க்கைக்காக அதைச் சீர்செய்தார். ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. பையனுக்குப் பயம்: "பெரிய ஆஸ்பத்திரியை முதல்ல போட்டு அது கிடைக்கலேன்னா, ரெண்டாவதா போட்டதும் போயிடுமோ?" காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினேன். உன் பெயரை முதலில் உன் முதல் விருப்பத்துக்கு அனுப்பும். அவர்கள் தற்காலிகமாக வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் விடுவார்கள். விட்டால் இரண்டாவதற்குப் போவாய். அங்கே உனக்கு முன்னால் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தாலும், அவனைவிட உன்னை அவர்கள் மேலே எழுதியிருந்தால் அவன் எழ வேண்டும். ஆக முதலில் கேட்டதால் இரண்டாவது இடம் குறையாது. மனதில் உள்ளபடி எழுது. எழுதினான். 2025 மார்ச்சில் அவன் இரண்டாவதாக எழுதிய இடம் கிடைத்தது. ஜூலையில் சேர்ந்தான்.

இனி என் மாணவி. கோவளத்துப் பெண். நீட்டுக்கு முந்தின காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவள். அவளுக்கு நேர்காணலே இல்லை. 200 கேள்வி, 800 மதிப்பெண், சரியானதற்கு நாலு, தவறினால் ஒன்று கழிவு. ரேங்க் வரும், கவுன்சிலிங்கில் கல்லூரியையும் துறையையும் கம்ப்யூட்டரில் வரிசையாகக் குறிக்க வேண்டும். ஏன் இந்தத் துறை என்று இந்த நாட்டில் ஒருவரும் அவளைக் கேட்க மாட்டார்கள்.

நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. நேர்காணல் வைத்தால் எங்கள் கோவளத்து மீனவர் மகளின் இங்கிலீஷைப் பார்ப்பார்கள், செருப்பைப் பார்ப்பார்கள், அப்பா யார் என்பார்கள். எண்ணுக்கு அப்பா கிடையாது. நான் முப்பத்து மூன்று வருஷம் பேப்பர் திருத்தியவள், விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண் இருப்பதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் யாருமே கேட்காவிட்டால், பிள்ளைகள் கேட்டுக்கொள்வதும் நின்றுவிடுகிறது. மேலிருந்து ரேடியாலஜி, தோல், பொது மருத்துவம் என்று எடுத்துக்கொண்டே வந்து, கடைசியில் கை நீட்டுகிற இடத்தில் பி.எம்.ஆர். இருக்கிறது. மிச்ச சோறு மாதிரி. அதில் விருப்பமில்லாமல் போய் உட்கார்ந்தவர் நோயாளியிடம் எத்தனை படி என்று கேட்பாரா?

"டீச்சர், இந்த ரேங்குக்கு பி.எம்.ஆர். கிடைக்கும் போல. வீட்டுல எல்லாரும் இன்னொரு வருஷம் எழுதுன்னு சொல்றாங்க. என்ன செய்யட்டும்?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா என்றேன். வந்தாள். கேழ்வரகுக் கூழும் கருவாடும் கொடுத்துவிட்டு, நான்தான் நேர்காணல் வைத்தேன். சீட் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதல் கேள்வி: "உனக்கு ரேடியாலஜி பிடிக்குமா, அந்தச் சம்பளம் பிடிக்குமா?" கொஞ்ச நேரம் யோசித்து, "சம்பளம்தான் டீச்சர்" என்றாள். நேர்மையான பெண்.

இரண்டாவது: "நீ பார்த்த நோயாளியில் இராத்திரி தூங்கவிடாதவர் யார்?" உடனே சொன்னாள். பனை ஏறுகிற ஒருவர். மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. குடிசையில் படுக்கை. வீடு தேடிப் போகிற மருந்துத் திட்டத்தில் அவள் நர்ஸோடு போய்ப் பார்ப்பாள். முதுகில் உள்ளங்கை அளவு படுக்கைப் புண். மருந்து வைத்துக் கட்டுவாள், அடுத்த வாரம் போனால் புண் இன்னும் பெரிதாக இருக்கும். "எப்போ நடப்பேன்னு அவர் என்னைக் கேக்கவே இல்ல டீச்சர். வெளியே வாசல்ல கொஞ்ச நேரம் உட்கார முடியுமான்னுதான் கேட்டாரு. எப்படி உட்கார வைக்கறதுன்னு எனக்குத் தெரியல. அஞ்சரை வருஷம் படிச்சேன், ஒருத்தரை உட்கார வைக்கத் தெரியல."

மூன்றாவது கேள்வி வைத்திருந்தேன். கேட்கவில்லை.

அதற்குப் பதில் அவளுக்கு நம் மாவட்டத்துக் கதை ஒன்றைச் சொன்னேன். செங்கல்பட்டு திருமணியில் 1924-இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை இருக்கிறது அல்லவா, இப்போது மத்திய அரசு நிறுவனம். 1947 வாக்கில் வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர் அங்கே வந்தார். விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையை நீட்டி, அழுத்திப் பிடி என்றார். அந்தப் பிடி வலித்துவிட்டது அவருக்கு. மடங்கிய கையில் இவ்வளவு பலம் இருக்கிறது என்றால் செயல்படும் தசையை மாற்றிக் கட்டினால் விரல் நிமிருமே என்று யோசித்தார். வேலூரில் அந்த அறுவை சிகிச்சை பிறந்தது. அங்கே வேலை பார்த்த மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் 1954-இல் வண்டி விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் இந்த பி.எம்.ஆர். படிப்பைப் படித்துவிட்டு வேலூருக்கே திரும்பி, துறையைத் தொடங்கினார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் வந்தது. 1972-இல் பத்மஸ்ரீ. தம்பி, நீங்கள் மசாஜ் என்று சொன்ன துறைக்கு நம் நாட்டில் அடித்தளம் போட்டது நடக்க முடியாத ஒரு பெண். வேலூருக்குப் பேருந்தில் போய் வந்துவிடலாம், அந்த இடம் இன்றும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் அரசாங்கத்துக்கு. 2021 டிசம்பரில் நம் மேல்மருவத்தூரில்தான் "நம்மைக் காக்கும் 48" திட்டத்தைத் தொடங்கினார்கள். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. தொடங்கும்போது ஒரு லட்சம் ரூபாய் வரை. மிக நல்ல திட்டம். ஓ.எம்.ஆரிலும் இ.சி.ஆரிலும் இராத்திரி பைக் ஓட்டுகிற பையன்களைத் தினமும் பார்க்கிறவள் என்பதால் கைகூப்பி வரவேற்கிறேன். ஆனால் உயிர் பிழைத்த பையன் 49-வது மணி நேரத்தில் என்ன ஆகிறான்? தண்டுவடம் போன இருபத்து மூன்று வயதுப் பையனை அம்மா வீட்டுக்குத் தூக்கிப் போகிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, செயற்கைக் கால் வரை செய்து தருகிறார்கள். முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய நிறுவனம் 2005-இலிருந்து இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போனால் பக்கம்தான், 2017-இல் எனக்கு அது கண்ணில் படவேயில்லை. ஆனால் மதுராந்தகத்துக்காரரும் செய்யூர்க்காரரும் எத்தனை தடவை இவ்வளவு தூரம் படுத்தபடி வருவார்கள்? ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இந்தத் துறைக்கு ஒரு டாக்டர், பத்துப் படுக்கை, ஒரு ஆசாரி வேண்டும். ஆசாரியைச் சிரிப்புக்குச் சொல்லவில்லை. பணியிடம் உருவாகாமல் பிள்ளைகளை மட்டும் "சேவை மனப்பான்மையோடு எடு" என்றால் அது ஏமாற்று.

அதனால் மாணவியிடமும் பணம் குறைவாக வரும், கல்யாணத்தில் "என்ன டாக்டர்?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்புவார்கள் என்றெல்லாம் மறைக்காமல் சொன்னேன். ரேடியாலஜிதான் மனதில் இருந்தால் இன்னொரு வருஷம் எழுது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இதில் அரை மனதோடு வராதே என்றும் சொன்னேன். பட்டியலை எப்படி எழுதுவது என்று மட்டும் பழைய காலண்டர் தாளில் வரைந்து காட்டினேன். நம் ஊர்க் கவுன்சிலிங்கில் பொருத்தம் கிடையாது, ரேங்க் வரிசைதான். ஆனாலும் ஒரு சுற்றுக்குள் விதி அதேதான்: உன் முறை வரும்போது உன் பட்டியலில் மிச்சம் இருப்பதில் மேலே உள்ளது உனக்கு. கிடைக்காது என்று நினைத்துப் பிடித்ததைக் கீழே போடாதே. அடுத்தடுத்த சுற்றில் சீட்டை விடுவது, மாறுவது பற்றிய விதிகளை மட்டும் அந்த ஆண்டுக் கையேட்டில் இரண்டு தடவை படி. என் மாணவர்கள் கேள்வித்தாளின் முதல் பக்கத்தைப் படிக்காமல் விடை எழுதியவர்கள், அதனால் சொல்கிறேன்.

பட்டியலில் எதை முதலில் போட்டாள் என்று நான் கேட்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. குடிசை வாசலில் இரண்டு தலையணை அணைத்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் காலைக் கயிற்றால் தூணில் கட்டி, அந்தப் பனையேறி உட்கார்ந்திருக்கிறார். யூட்யூப் பார்த்துச் செய்தாளாம். தலையணை வைத்தது தப்பு என்று எனக்கே தெரிகிறது, அடியில் பஞ்சு மெத்தை வேண்டும், இல்லையென்றால் புண் கூடும். அண்ணன் மகனுக்கு அனுப்பிக் கேட்டேன். அவன் இராத்திரி டியூட்டியிலிருந்து குரல் பதிவு அனுப்பினான், அதை அவளுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது இருவரும் நேரடியாகவே பேசிக்கொள்கிறார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். அவருடைய சக்கர நாற்காலியை அந்தக் குடிசைக்குக் கொடுத்துவிட்டேன். ஆசாரி செய்த கழிப்பறை நாற்காலியும், நான்கு கால் ஊன்றுகோல் ஒன்றும் பரணில் இருக்கின்றன. யாருக்காவது வேண்டுமென்றால் இன்பாக்ஸில் வாருங்கள், காசு வேண்டாம். ஊன்றுகோலில் ஒரு ரப்பர் புஷ் மட்டும் தேய்ந்திருக்கிறது, கேளம்பாக்கத்தில் வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

– உங்கள் டீச்சர், படூர்